மோட்டார நிறுத்துங்கய்யா, காரு சார்ஜ் ஏறணும்!

உலகத்துல எது கெட்டுப் போனாலும் எங்க வீட்டுக்காரர் விநாயகத்துக்குக் காரணம் ஒண்ணுதான்: வோல்டேஜ் கம்மி. செஞ்சியில இருபத்தஞ்சு வருஷமா போர் தண்ணியில பயிர் வெக்கிற ஆளு. மூணு மோட்டார் எரிஞ்சு போயிருக்குது. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க நைனாகிட்ட, "உங்க ஊருல வோல்டேஜ் எவ்ளோ வருது?"ன்னுதான் மொதல்ல கேட்டார். நான் அப்பவே சுதாரிச்சிருக்கணும். விதி யாரை விட்டுச்சு!

போன மாசம் சென்னையில ஒருத்தர்கிட்ட பழைய கரண்ட் காரு வாங்கிட்டார். எண்ணூறு வோல்ட் பேட்டரியாம். என்கிட்ட "சர்ருன்னு சார்ஜ் ஏறும் மணி"ன்னார். ஊரெல்லாம் தம்பட்டம் வேற.

எல்லாம் அவங்க அக்கா வெண்மதிக்குக் காட்டத்தான். வரப்புத் தகராறுல ரெண்டு வருஷமா அக்காளும் தம்பியும் பேச்சில்ல. இப்ப அக்கா பொண்ணுக்குத் திருவண்ணாமலையில கல்யாணம், ஒம்பதே முக்காலுக்குள்ள முகூர்த்தம். பத்திரிகை மட்டும் வந்துச்சு. தாய்மாமன் சீர்த்தட்டோட போய் நிக்கலன்னா, வேணும்னே வரலன்னு அந்தம்மா முடிவு கட்டிடும். அப்புறம் செத்தாலும் பேச்சு கெடையாது.

கல்யாணத்தன்னிக்குக் காலையில ஏழே முக்காலுக்கு பைபாஸ் ஓட்டல் சார்ஜர்ல வண்டிய நிறுத்தினோம். ரெண்டு பர்சன்ட் இருந்துச்சு. இருபது இருந்தா தாராளமா போயிடலாம், கால் மணி நேர வேலைன்னார். பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்தா நாலுதான். எங்களுக்கு அப்புறம் வந்த ஒரு பழைய சின்ன காரு, பக்கத்துலயே மடமடன்னு ஏறுது.

"லோ வோல்டேஜ்! எல்லாப் போரும் ஓடுது பாரு!"ன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வயலுக்குள்ள ஓடினார். நான் பட்டுப்பொடவையோட பின்னாடியே.

"அந்தச் சின்ன காருக்கு மட்டும் எப்டிங்க ஏறுது?"

"அது சின்ன மோட்டாரு மாதிரிடி, கொஞ்சத்துலயே ஓடும்!"

நாலு பேர்கிட்ட கையெடுத்துக் கும்புட்டு மோட்டார நிறுத்த வெச்சார். ஜெயராமன்னு ஒருத்தர், "இன்னாயா, எங்க நெல்லு காயட்டும், உன் காரு குடிக்கட்டுமா?"ன்னு திட்டிட்டேதான் நிறுத்தினார்.

திரும்பி வந்தா மணி எட்டு இருபத்தஞ்சு. பத்தே பர்சன்ட். இருபது ஏற இன்னும் முக்கா மணி நேரத்துக்கு மேல ஆவும்.

சார்ஜர பாத்துக்குற பொண்ணு தமிழினி சிரிப்ப அடக்க முடியாம சொல்லுச்சு: "அண்ணே, லைன்ல கரண்ட் நல்லாத்தான் வருது. இந்த மிஷினு ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல தள்ளாது. உங்க பேட்டரிக்கு எண்ணூறு வேணும். உங்க வண்டிக்குள்ள இருக்குற சின்ன பூஸ்டர்தான் தம் கட்டி ஏத்துது. அந்தச் சின்ன காரு நானூறு வோல்ட், அதான் நேரா ஏறுது. ஆயிரம் வோல்ட் மிஷினா இருந்தா உங்க வண்டிதான் முந்தும்."

அப்படியே தரையில உக்காந்துட்டார். "மூணாவது மாடி டேங்குக்கு மொத மாடி மோட்டார வெச்சிட்டேனே மணி! எங்க அக்கா இனிமே என் மூஞ்சியில முழிக்காதே!" அழுதுட்டார் மனுஷன்.

அந்த நேரம் பாத்து ஜெயராமன் குட்டியானை லோடு வண்டியில வந்து, "ஏறிடுச்சா? மோட்டார போட்டுக்கலாமா?"ன்னார். விஷயத்தக் கேட்டதும், "அட கிறுக்குப் பய மவனே, தட்ட ஏத்துயா!"ன்னு ஒரு அதட்டல். பின்னாடி எரு மூட்டைங்க நடுவுல, சீர்த்தட்ட மடியில வெச்சுக்கிட்டுப் போனோம்.

மண்டப வாசல்ல எறங்கறப்ப மணி ஒம்பதரை. வெண்மதி அங்கயே நின்னுட்டிருந்துச்சு. பொண்ண இன்னும் மணையில உக்கார வெக்கல.

"அறிவு கெட்டவனே! தாய்மாமன் வர்ற நேரமாடா இது? பொண்ண எவ்ளோ நேரம்டா உக்கார வெக்காம வெச்சிருப்பேன்? எரு மூட்ட மேலயா வருவ, கழுத!"ன்னு மண்டபமே அதிரத் திட்டுச்சு.

ரெண்டு வருஷத்துல அந்தம்மா இவருகிட்ட பேசின மொத பேச்சு அதான்.

இவரு கண்ணு கலங்க நின்னு, "திட்டுக்கா, இன்னும் திட்டு"ன்னார்.