கும்பிடுக்குக் கீழே இருந்த வெடிப்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இன்று காலை தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மலையிலிருந்து கல் உருளும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மலைச் சரிவில் நீளமாக ஒரு வெடிப்பு. பத்து வயதில் பிடித்த பயம் திரும்பி வந்தது.

அன்றும் மலைச் சரிவில் நிலம் இப்படித்தான் வெடித்திருந்தது. அப்பா சொல்லச் சொல்ல, தோட்டத்துத் துரைக்கு நான்தான் கடிதம் எழுதினேன். பக்கம் முழுக்கக் கும்பிடு. கடைசி வரியில்தான் வெடிப்பு.

எங்களை வேலை வாங்கும் கங்காணி அதை வாசித்துச் சிரித்தார். "நீ கும்புட்டு முடிக்கிறதுக்குள்ள மலை வந்துரும் புள்ள. மாத்தி எழுது."

"கும்புடாம தொரைகிட்ட எப்புடிங்க கேக்குறது?" என்று அப்பா மாற்ற விடவில்லை.

துரை பாதி படித்ததுமே கடிதத்தை வைத்துவிட்டாராம். நான்காம் நாள் பக்கத்து வீட்டு மூவரை மண் மூடியது.

இன்று கிராம சேவகருக்கு எழுத உட்கார்ந்தேன். கை முதலில் கும்பிடைத்தான் எழுதியது. அதை அடித்துவிட்டு வெடிப்பை மேலே கொண்டுவந்தேன். பேத்தியைக் கூப்பிட்டேன்.

"படிச்சுக் காட்டு தாயி. மொத வரியிலயே ஒனக்குப் பயம் வருதான்னு சொல்லு."