தொட்டிமேல் தூங்காத பெட்டி

ஜெமிமா வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் படித்து, பாலிடெக்னிக்கில் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டியவள். சித்தூரில் மிஷன் காம்பவுண்டை ஒட்டிய வீடு. அப்பா கிருபானந்தம் சபையில் ஆர்மோனியம் வாசிப்பவர். ஒரே விஷயம் மூன்று மொழியில் மூன்று விதமாக மண்டைக்குள் போய், எது சரி என்று தெரியாமல் விழிப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதற்காக அவள் அழுததில்லை. மறுபடி முதலிலிருந்து படிப்பாள்.

டிப்ளமோ முடித்து, சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் செல்போன் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் சில வருஷம் இருந்தாள். கிளாட்வினைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தபிறகு, கிரண்குமார் என்பவன் நடத்திய சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். ரேணிகுண்டா ரோட்டில் மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான் கம்பெனி. கிரண்குமார் அவளைவிட இளையவன். சர்க்யூட் வரைவது அவன் வேலை, சிப்புக்குள் போகிற புரோகிராம் எழுதுவது இவள் வேலை. அவன் இவளை அக்கா என்பான், இவள் அவனைக் கிரண் என்பாள்.

அவர்கள் செய்தது கிராமத்துக் குடிநீர்த் தொட்டிகளுக்கான ஒரு பெட்டி. உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப், ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் தொட்டிக்குள் இறங்கும். அதன் நுனியில் ஒரு மிதவை. தண்ணீர் நிரம்பி மிதவை மேலே எழும்பினால் அதற்குள் இருக்கும் சுவிட்சின் இரு முனையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். உடனே சிப் விழித்து, தொட்டி நிரம்பிவிட்டது என்று பஞ்சாயத்து ஆபீசுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். தூங்கும்போது அது இழுக்கும் கரண்ட் சில மைக்ரோஆம்ப்தான், இல்லாததற்குச் சமம். அந்தக் கணக்கை நம்பித்தான் பேட்டரி இரண்டு வருஷம் வரும் என்று கிரண்குமார் ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

நாகலாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துத் தொட்டியில் வைத்த பெட்டி இரண்டு மாதத்தில் செத்துப்போனது.

ஜெமிமாவுக்கு முதலில் வந்தது பயம். தூங்க வைக்கும் புரோகிராம் அவள் எழுதியது. சிப் தூங்கவில்லை என்றால் தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். இறந்த பெட்டியைக் கொண்டுவந்து, புதுப் பேட்டரி போட்டு, மேசையில் மீட்டரோடு இணைத்தாள். மீட்டர் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம் காட்டியது. உற்றுப் பார்க்கக் கையை அருகே கொண்டுபோனாள். எண் ஏறியது. கையை எடுத்தாள், இறங்கியது. போர்டைத் தொடவே இல்லை.

"கிரண், இங்க வாங்களேன். நான் கிட்ட வந்தா இது முழிச்சிக்கிது."

கிரண்குமார் வந்து தன் கையை நீட்டிப் பார்த்தான். அவன் கைக்கும் ஏறியது. "ஏமிடக்கா இது? பேய் பிடிச்ச மாதிரி கீதே" என்றான்.

நாள் கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு அதற்குக் காரணம் கிடைத்தது. சிப்பின் உலோகக் கால்களில் எதற்கும் பயன்படாத சில கால்கள் எங்கும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் நின்றன. சுற்றுப்புறத்தில் எது அசைந்தாலும் அவை ஊசலாடி வீணாகக் கரண்ட் இழுத்தன. புரோகிராமிலேயே அந்தக் கால்களைக் கட்டிப்போட்டாள். மீட்டர் சரசரவென்று இறங்கி, புத்தகத்தில் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கிரண்குமார் கீழே போய் மைசூர்பாகு வாங்கிவந்தான்.

திருத்திய பெட்டியை நாகலாபுரத்தில் மாட்டினார்கள். அதுவும் இரண்டு மாதத்தில் செத்துப்போனது.

இந்தத் தடவை ஜெமிமாவுக்குப் பயம் வரவில்லை. வெறும் குழப்பம். மேசையில் குழந்தை மாதிரித் தூங்குகிற பெட்டி தொட்டிமேல் போனதும் ஏன் தூங்குவதில்லை? வெயில் என்று நினைத்தாள். ஆனால் ஏர்பேடு பக்கம் ஒரு தொட்டியில் அதே மாதிரிப் பெட்டி அதே வெயிலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் கிடைக்காமல் ரேடியோ திரும்பத் திரும்பக் கத்துகிறதோ என்று பார்த்தாள். ஏர்பேட்டில்தான் சிக்னல் மோசம். பேட்டரி போலியோ என்று கடையை மாற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி மாட்டச் சொன்னாள். ஏர்பேட்டிலிருந்து வந்த நல்ல பெட்டி நாகலாபுரத்தில் செத்தது. நாகலாபுரத்தில் செத்த பெட்டி புதுப் பேட்டரியோடு ஏர்பேட்டில் ஜம்மென்று இருந்தது.

அப்படியானால் பெட்டியில் நோய் இல்லை. இடத்தில்தான் நோய். இடத்துக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது?

அவளே ஒரு நாள் பஸ் ஏறிப் போனாள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ரங்கன் ஏணியடியில் நின்றிருந்தார். உயரம் என்றால் ஜெமிமாவுக்கு ஆகாது. ஆனாலும் ஏறினாள். மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பெட்டி காய்ந்திருந்தது, ஒயர் அறுபடவில்லை, குரங்கு கடித்த தடம்கூட இல்லை. இறங்கிவந்தாள்.

"இன்னாமா, எதுனா தெரிஞ்சுதா?" என்று ரங்கன் கேட்டார்.

"ஒண்ணும் தெரியலைங்க. எல்லாம் நல்லாத்தான் கீது."

"எங்க ஊர் மேல எதுனா குறை சொல்லிடாதம்மா. கரண்ட் வந்தா மோட்டார் போட்டுக்கினே இருப்பேன். தொட்டி குறைஞ்சு யாரும் பார்த்ததில்ல."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பேச்சில் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அரைத் தூக்கத்தில், தனக்கு இந்த வேலை ஒத்துவராதோ, மறுபடி தொழிற்சாலைக்கே போய்விடலாமோ என்று யோசித்தாள். வீட்டில் கிளாட்வின் தட்டை எடுத்து வைத்து, "துன்னுட்டுப் பேசு" என்றான்.

மறுநாள் காலை அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. மேசையில் வராத நோய் தொட்டியில் வருகிறது என்றால், தொட்டியை மேசைக்குக் கொண்டுவந்தால் என்ன? பாத்ரூமிலிருந்து பக்கெட்டை எடுத்துவந்தாள். இத்தனை நாள் மேசை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மிதவையை அதற்குள் விட்டு, சொம்பால் தண்ணீர் ஊற்றினாள். பாதிவரை மீட்டர் அசையவில்லை. இன்னும் ஊற்றினாள். மிதவை தலைதூக்கியது.

மீட்டர் ஒரே தாவலில் ஒன்றரை மில்லியாம்ப்புக்கு, இருக்க வேண்டியதைப்போல் பல நூறு மடங்குக்குப் போய் அங்கேயே நின்றது. சிப் விழித்து, செய்தி அனுப்பி, தூங்கப் போய்விட்டதைப் போர்டிலிருந்த சின்ன விளக்கு அணைந்து காட்டியது. ஆனால் எண் இறங்கவில்லை.

ஒயருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். மிதவையைத் துடைத்து, காய்ந்த கையால் தூக்கிப் பிடித்தாள். அப்போதும் ஒன்றரை. தொங்கவிட்டாள், ஒன்றுமில்லை. தூக்கினாள், ஒன்றரை. பக்கெட் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கிரண், மிதவை ஒயர்ல ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கீங்களே, எவ்வளவு?"

அவன் மதிப்பைச் சொன்னான். நீளமான ஒயரில் மின் இரைச்சல் ஏறிச் செய்தி கெடாமல் இருக்கச் சின்ன மதிப்பாகப் போட்டேன் என்றான். சொல்லும்போதே அவன் குரல் தேய்ந்தது. சுவிட்ச் மூடியிருக்கும்வரை பேட்டரியிலிருந்து அந்தச் சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் தாராளமாக ஓடிக்கொண்டே இருக்கும். சிப் தூங்கினாலும் அது ஓடும். நாகலாபுரத்துத் தொட்டி எப்போதும் நிரம்பியிருந்தது, மிதவை எப்போதும் மேலே. ஏர்பேட்டில் போர்வெல் வற்றிப்போய்த் தொட்டி நிரம்புவதே அபூர்வம், மிதவை எப்போதும் கீழே.

"பேட்டரியைத் துன்னது நான்தானா?" என்றான் கிரண்குமார்.

"ரெண்டு பேருந்தான். நான் ஒரு நாளாவது இதைத் தூக்கிப் பார்த்திருக்கணும்."

அந்த ரெசிஸ்டருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் போகாமல், சிப்பின் சும்மா கிடந்த கால் ஒன்றின் வழியாகப் போகும்படி மாற்றினார்கள். இனி சிப் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை விழித்து, அந்தக் காலைக் கண நேரம் உயிர்ப்பித்து, மிதவை மேலேயா கீழேயா என்று பார்த்துவிட்டு அணைத்துவிடும். எல்லாப் பெட்டிகளையும் இறக்கி, ஒவ்வொன்றாகச் சால்டரிங் வைத்து மாற்ற வேண்டியிருந்தது. நாகலாபுரத்துப் பெட்டி வெயில் காலம் தாண்டி, மழையும் தாண்டி ஓடியது.

மாற்றிய போர்டுகள் இப்போதும் புத்தகத்தில் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இழுக்கின்றன. ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. பேட்டரிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள் அக்கா என்கிறான் கிரண்குமார். விட்டுவிட்டதாகத்தான் அவளும் சொல்கிறாள்.

"அப்போ முடிஞ்சுதா உன் பெட்டி?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது கிளாட்வின் கேட்டான்.

"முடிஞ்ச மாதிரிதான் இருக்குது" என்றாள் ஜெமிமா. வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தபின், "ஆனா அந்த மிச்சக் கரண்ட் எங்க போகுதுன்னுதான் தெரியல" என்றாள்.

கிளாட்வின் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.