விசில் அவளுக்கு, கீற்று எனக்கு

என் ஓரகத்தியின் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. கறுப்புக் கயிறு, பித்தளை விசில். என் புருஷனின் தம்பி கட்டிய தாலி ரவிக்கைக்குள் கிடக்க, சர்க்கார் கட்டிய விசில் வெளியே ஆடிக்கொண்டு திரிந்தது. அதை முதலில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் தடவை போட்டது இறங்கிவிட்டது. இரண்டாம் தடவை போட்டதுதான் இறங்கவில்லை.

அந்த விசில் அவளுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குப்பம் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு, அதன்மேல் புதர்க்காடு. சங்கஞ்செடி, கள்ளி, தாழை, இவற்றுக்கு நடுவே ஆள் இடுப்பளவு விழல் புல். மழை முடிந்து தை பிறந்தால் அந்தப் புல் காய்ந்து, பீடி நெருப்புக்குக்கூடக் காத்திருக்கும். அதனால் பொங்கல் கழிந்ததும் ஆம்பளைகள் ஒன்றுகூடி, கோடை வருவதற்குள் தாங்களே கொளுத்திவிடுவார்கள். புல்லும் போகும், புதரும் போகும், உள்ளே இருந்த ஓணான் பாம்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வரும். ஆனால் சித்திரை வெயிலில் கூரை பிழைக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் காட்டைச் சுற்றி முள்கம்பி வந்தது, பலகை வந்தது, பின்னாலேயே வனத்துறை அதிகாரி ஒருவரும் வந்தார். இனி யாரும் கொளுத்தக் கூடாது என்றார். உள்ளே கௌதாரி முட்டையிடுகிறதாம். அதுவரைக்கும் கௌதாரியை நாங்கள் குழம்பில்தான் பார்த்திருந்தோம்.

"பொதர் போச்சுன்னா மேடு கரைஞ்சு மணலெல்லாம் உங்க அடுப்புலதாம்மா வந்து விழும்" என்றார்.

"புல்லு பத்திக்கிச்சுன்னா அடுப்பே இருக்காது சார். மணலு எங்க போயி வுழும்?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏனென்றால் அது வெறும் பேச்சில்லை. குப்பத்தின் கடைசி வீடு என்னுடையது. கதவைத் திறந்தால் காடு. கூரை தென்னங்கீற்று. தீ கிளம்பினால் முதல் வாய் என் வீட்டில்தான் வைக்கும்.

அப்போதுதான் என் ஓரகத்தி வாயைத் திறந்தாள். "புல்ல மட்டும் அறுத்துட்டு பொதர வுட்டா இன்னா சார்? வூட்டோரமா ஒரு பட்டைக்கு அறுத்துக்கினா நெருப்பு தாண்டாது. கௌதாரியும் அது பாட்டுக்கு இருந்துட்டு போவுது."

அதிகாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். "இந்தம்மா சொல்றதுதான் சரி."

இந்தம்மா! நான் அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள். என்னை மாமியார் 'ஏய்' என்பாள், புருஷன் 'இந்தா' என்பான். நேற்று வந்தவளுக்கு அம்மா பட்டம். மறுவாரம் விசிலும் வந்தது. யாராவது காட்டுக்குள் நெருப்போடு போனால் ஊத வேண்டுமாம். அதிகாரி வந்தால் அவள் வீட்டில்தான் டீ. அவள் வீடு வரிசைக்கு நடுவில், மேலே சிமெண்டு ஷீட். கொழுந்தனுக்குத் துறைமுகத்தில் வேலை, அந்தக் காசில் போட்டது. தலைக்கு மேல் ஷீட் இருப்பவளுக்குக் கௌதாரிமேல் பாசம் பொங்கத்தானே செய்யும்.

அறுப்பு ஆரம்பித்தது. பெண்கள் எல்லாரும் அரிவாளோடு இறங்கினோம். அறுத்த பட்டை வீட்டு வரிசையோரமாக நேராக வந்து, என் வாசலுக்கு எதிரே ஒரு சங்கம்புதரில் முட்டியது. பச்சைப் புதர், மேலே அடப்பங்கொடி மெத்தை மாதிரி படர்ந்திருந்தது. நான் அரிவாளை ஓங்கினேன். விசில் கத்தியது.

"அக்கா, அத்த வுடு. உள்ள முட்ட கீது."

"என் வூட்டுக்கு நேரா கீதுடி."

"பச்ச பொதருக்கா. எரியாது. புல்லுதான் எரியும்."

"எரிஞ்சா?"

"எரிஞ்சா என் வூட்ல வந்து பட்த்துக்கோ."

"உன் வூட்ல நான் ஏன் பட்த்துக்கணும்? அதுக்கு நெருப்பே தேவல."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பட்டை புதரைச் சுற்றி வளைந்துதான் போனது. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அந்தப் புதர் முகத்தில்தான் முழித்தேன். உள்ளேயிருந்து கௌதாரி வேறு கத்தும். அதுவும் என் ஓரகத்தி குரலிலேயே கத்துகிற மாதிரி இருக்கும்.

அறுத்த புல் மலையாகக் குவிந்தது. இதை யார் சுமப்பது, கடலோர வெறும் மணலில் கொளுத்திவிடலாம் என்றார்கள் ஆம்பளைகள். அதிகாரி யோசித்து, சின்னச் சின்னக் குவியலாக, காற்று கடல்பக்கம் போகும்போது மட்டும் என்றார். காற்றைப் பார்த்து விசில் ஊதும் பொறுப்பு யாருக்கு? கேட்கவே வேண்டாம்.

எங்கள் குப்பத்தில் காற்றைப் பார்க்க யாரும் மண்ணை அள்ளித் தூவ மாட்டார்கள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்ப்போம். புகை கடல்பக்கம் சாய்ந்தால் தரைக்காற்று, ஊர்ப்பக்கம் சாய்ந்தால் கடற்காற்று. கருவாடு காயவைப்பது முதல் வலை ஏற்றுவது வரை அதைப் பார்த்துத்தான். கும்பிடாத குறை.

மாசி மாதத்து முற்பகல். அவள் பட்டையில் நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தாள். புகை கடல்பக்கம் படுத்திருந்தது. ஊதினாள். ஆம்பளைகள் பற்றவைத்தார்கள்.

நான் என் வாசலில் நின்று வயிறு எரிந்துகொண்டிருந்தேன். அப்போது வாசலில் தொங்கிய கோணித்திரை வீட்டுக்குள் பக்கமாக உப்பியது. ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. கடற்காற்று கீழே வந்துவிட்டது.

"அடியேய், காத்து திரும்பிக்கினு கீது!"

"மேல பாருக்கா! பொகை கடலுக்குத்தான் போவுது!"

எல்லாரும் மேலே பார்த்தார்கள். மேலே புகை கடலுக்குத்தான் போனது. கீழே காற்று ஊருக்கு வந்தது. வெளியே நின்ற அத்தனை பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, நெருப்பு தரையில் நடந்து வந்தது. என் பேச்சை யார் கேட்பார்கள், என் கழுத்தில் விசில் இல்லையே.

ஒரு குவியலிலிருந்து கொத்தாக எரிபுல் எழும்பி, கம்பிவேலி தாண்டி அறுக்காத விழலில் விழுந்தது. அவ்வளவுதான். பட்டாசுக் கட்டு மாதிரி வெடித்துக்கொண்டு மேட்டைத் தாண்டி வந்தது. அவள் விசிலை ஊதினாள், ஊதினாள், கண் பிதுங்க ஊதினாள். வீட்டுக்குள் இருந்த ஒருத்தரும் எழுந்து வரவில்லை. ஒரு மாதமாக ஆட்டுக்கு ஊதினாள், குடிகாரனுக்கு ஊதினாள், பம்பரம் விட்ட பிள்ளைகளுக்கு ஊதினாள். இதுவும் ஆடுதான் என்று படுத்திருந்தார்கள்.

அறுத்த பட்டைக்கு வந்ததும் நெருப்புக்குத் தின்ன ஒன்றும் இல்லை. சங்கம்புதரில் வாய் வைத்தது. புதர் சீறியது, புகைந்தது, பற்றவில்லை. ஆனால் பறந்து வந்த பொறி ஒன்று என் கூரை விளிம்பில் உட்கார்ந்தது.

என் புருஷன் கடலில். நான் குடத்தோடு ஓடி வருவதற்குள், விசிலை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு என் ஓரகத்தி கூரைமேல் ஏறியிருந்தாள். எரிகிற கீற்றை வெறுங்கையால் பிய்த்துப் பிய்த்துக் கீழே எறிந்தாள்.

"ஏண்டி, உன் கௌதாரிய கூப்புடேன், வந்து அணைக்கட்டும்!" என்று கத்திக்கொண்டே குடத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

"வாய மூடிக்கினு இன்னொரு கொடம் குடுக்கா!"

கொடுத்தேன். வாயை மட்டும் மூடவில்லை.

பாதிக் கூரை போனது, வீடு நின்றது. அதற்குள் ஊர் கூடியது. எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். கொப்புளம் கொப்புளமாக இருந்தது. ஒருத்தி தேங்காயெண்ணெய் தடவினாள், ஒருத்தி விசிறினாள், அதிகாரி ஓடிவந்து "இந்தம்மா இல்லேன்னா..." என்று ஆரம்பித்தார். இந்தம்மா ஊதித்தானே பற்றவைத்தார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. காலிக் குடத்தோடு கரியாக நான் நின்றேன். எரிந்தது என் கூரை, பேர் அவளுக்கு. அந்தக் கொப்புளத்தைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

சாயங்காலம் புருஷன் கரையேறி வந்தான். வீட்டுக்குள் நுழைந்தான். தலைக்கு மேல் வானம் தெரிந்தது. அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்:

"தம்பி பொண்டாட்டிக்கு கை இப்போ எப்டி கீது?"

அன்று ராத்திரி அவனுக்குப் பழைய சோறுதான்.

கொழுந்தன் எங்கிருந்தோ ஷீட் கொண்டுவந்து என் வீட்டுக்குப் போட்டான். அதன் பிறகு புல்லைக் கொளுத்தும் பேச்சே இல்லை. அறுத்ததைக் கட்டி எர்ணாவூர் எருமை மாட்டுக்காரர்களுக்கு ஏற்றிவிட்டோம். கௌதாரி குஞ்சு பொரித்து, என் வாசல் வழியாகவே வரிசையாக ஓடியது. குழம்பு நினைவு வந்தது. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த தையில், என் வீட்டுக்கும் அந்தப் பக்கம் புதிதாக ஒரு கீற்று வீடு முளைத்தது. கல்யாணமான புதுசு. அந்தப் பெண் அரிவாளோடு என்னிடம் வந்தாள்.

"அத்தே, இந்த பொதர வெட்டிப்புட்டா இன்னா?"

"கௌதாரி முட்ட வுட்டுக்கீதுடி. பாவம், அது எங்க போவும்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கூரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டிலேயே வளர்ந்த பார்வை அது.

ஓரகத்தியிடம் போனேன். "அந்தப் புள்ள வூட்டாண்ட மட்டும் பட்டைய இன்னும் அகலமா அறுக்கணும்டி. பொதர் கிட்ட போவாம, புல்ல மட்டும்."

"அறுக்கலாம்க்கா. ஆனா என் கை இன்னும் அரிவாள கெட்டியா புடிக்காது."

அதனால் அவள் பங்கையும் சேர்த்து நான் குனிந்து அறுத்தேன். அவள் மேட்டின்மேல் நின்று, ஆடு வருகிறதா என்று பார்த்து ஊதிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வந்தார். அகலமான பட்டையைப் பார்த்தார், புதரைப் பார்த்தார். நான் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"பலே, இந்தம்மா நல்லா செஞ்சிருக்காங்க" என்றார், மேட்டைப் பார்த்து.