காருக்குள் போட்ட பிள்ளையார் சுழி

நான் பிறந்த வருடத்தில் செய்த அமெரிக்கக் கார் அது. நீண்ட முன்பக்கம், எட்டு சிலிண்டர் எஞ்சின். துருப்பிடித்த கூடாக வாங்கி, ரெய்னர்ஸ் லேனில் வாடகைக்கு எடுத்த கராஜில் ஏழு வருடம், ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் நானே திருத்தினேன். கராஜ் வரிசையை இடிக்கப் போவதாகக் கவுன்சில் கடிதம் போட்டது. தெருவில் விட்டால் எவனாவது கீறுவான், மழையில் மறுபடி துருவேறும். அந்த யோசனையிலேயே நித்திரை போனது. விற்க முடிவெடுத்தேன்.

பார்க்க வந்த மூன்று பேரும், யார் திருத்தியது என்றுதான் முதலில் கேட்டார்கள். நான்தான் என்றேன். எங்கே படித்தாய் என்றார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் என்ன சான்றிதழ் இருக்கும்? யோசித்துச் சொல்வதாகப் போனவர்கள் போனவர்கள்தான்.

மனைவியின் தம்பிக்கு அது சிரிப்பு.

"அத்தான், உங்கட கோலத்தைப் பார்த்தா ஆர் நம்புவான்? ஒரு வெள்ளைக்காரக் கிழவன் செய்ததெண்டு சொல்லுங்கோ."

"ஆளைக் காட்டச் சொன்னா?"

"செத்துப்போனான் எண்டுங்கோ. நீங்கள் பயப்பிடாத விசயம் ஒண்டும் இல்லையோ?"

நாலாவதாக வந்தவரிடம் அப்படியே சொன்னேன். கென்ட் பக்கம் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் செய்தது, போன வருடம் காலமாகிவிட்டார் என்று. வந்தவர் முகம் மலர்ந்தது. கதவு விளிம்பில் விரலை ஓட்டி, இப்படி வேலை செய்ய இப்போது ஆளில்லை என்றார். என் வேலையைப் பற்றி வெளியாள் ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. செத்தவனுக்காகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு பின்னிருக்கைக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கினார். முதல் தகரத்தை வெல்ட் பண்ணுமுன் நான் ஆணியால் கீறிய பிள்ளையார் சுழி, பெயின்டுக்கு மேலாலும் தெரிந்தது. இது என்ன என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இவரும் போய்விடுவாரோ என்று பயம். கிழவரின் அடையாளமாக்கும் என்றேன்.

அது கிழவருடைய கையெழுத்து என்று சந்தோஷப்பட்டுப் படம் எடுத்தார். காரையும் வாங்கிக்கொண்டார்.

கோடையில் பழைய கார்க் கண்காட்சிக்கு என்னை அழைத்தார்; மச்சானும் கூட வந்தான். காரின் முன்னால் அந்தச் சுழியின் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தார். கீழே, காலஞ்சென்ற கென்ட் கலைஞரின் கையெழுத்து என்று எழுதியிருந்தது.

"பிள்ளையாரையும் வெள்ளைக்காரனாக்கிப் போட்டியள், அத்தான்," என்றான் மச்சான்.

என் கண் இடது கதவில் நின்றது. சற்றுத் தொங்கியிருந்தது. கீலின் திருகை அரைச் சுற்று இறுக்கினால் போதும். உரிமையாளர் என் பார்வையைக் கண்டு, கதவு தொங்குவது தெரியும் என்பதுபோல் தலையசைத்தார். செய்த மனிதர் இறந்துவிட்டார், இனி இதை யாரிடம் காட்டுவது என்று என்னிடமே கேட்டார்.