பதினெட்டு புள்ளி நான்கு

பியூரெட் என்கிற கண்ணாடி அளவுக்குழாயில் அளவு பார்க்க வேண்டுமென்றால் கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். அதற்குக் குனிய வேண்டும். குனிய முட்டி வேண்டும். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தேழு வருடம் உதவியாளராக நின்று தேய்ந்த என் முட்டிகள், போன செமஸ்டர் செய்முறைத் தேர்வன்று காலையிலேயே கைவிரித்துவிட்டன. ஸ்ரீரங்கம் வீட்டில் மூன்று மாடி இறங்குவதற்குள் பாதி உயிர் போயிருந்தது.

தேர்வு தொடங்கும் முன் நான் ஒருமுறை செய்து பார்ப்பது வழக்கம். பிப்பெட்டால் இருபது மில்லி காரக் கரைசலை எடுத்துக் குடுவையில் விட்டு, நிறங்காட்டி ஒரு சொட்டு விட்டால் ரோஸ் நிறம் வரும். மேலே பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, நிறம் மறையும்போது மூடி, அளவைப் படிக்க வேண்டும். எனக்கு வருவதுதான் விடை. அதிலிருந்து புள்ளி இரண்டுக்கு மேல் விலகினால் பாதி மதிப்பெண் போய்விடும். முப்பது பேருக்கும் ஒரே கரைசல்தான்.

அன்று நான் குனியவில்லை. பக்கத்தில் ஸ்டூல் இருந்தது, அதை இழுத்துப் போடவும் அலுப்பு. நின்றபடியே மேலிருந்து பார்த்து, பதினெட்டு புள்ளி நான்கு என்று எழுதினேன்.

"அக்கா, எவ்ளோக்கா வருது?" என்று பிள்ளைகள் கிசுகிசுப்பதும் வழக்கம்தான். முன்பெல்லாம் திட்டி அனுப்புவேன். திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. "பதினெட்டு நாலு. போய் வேலையப் பாரு" என்றேன். அரை மணி நேரத்தில் எண் ஆய்வகத்தைச் சுற்றி வந்துவிட்டது. மூன்று தடவை செய்து எழுத வேண்டிய இடத்தில் 18.3, 18.4, 18.4 என்று எழுதினார்கள். உண்மை போலத் தெரிவதற்காக அந்த ஒரு மூன்று.

கேட்காதவள் ஒருத்திதான். முசிறியிலிருந்து வருபவள். இந்தத் தாளில் போன தடவை தோற்று அரியர் எழுத வந்திருந்தாள். ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, இந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் முட்டியை மடக்கிக் குனிந்து, பியூரெட்டுக்குப் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்து, மூச்சை அடக்கிப் பார்த்தாள். மூன்று முறையும் 18.7.

வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த பேராசிரியர் அவள் தாளில் சிவப்புப் பேனாவால் சுழித்தார். "இருபத்தொம்பது பேருக்கு ஒரே மாதிரி வந்திருக்கு. இந்தப் பொண்ணுக்கு மட்டும் எங்கயோ தப்பிருக்கும்மா."

அந்த இருபத்தொன்பதும் என் வாயிலிருந்து போனவை. மிச்சமிருந்த கரைசலை எடுத்து, இந்த முறை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். 18.7.

அவரிடம் போய்ச் சொன்னேன். "தப்பு என்னோடது சார். நான் குனிஞ்சு பாக்கல. மத்தவங்களுக்கு நம்பர் சொன்னதும் நான்தான்."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரும் என்னைப் போலவே களைத்திருந்தார். "இப்ப விடைய மாத்தினா இருபத்தொம்பது பேருக்கும் மார்க் குறைக்கணும். விசாரணை வரும். உங்க வேலைக்கும் பிரச்சினை. நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழலம்மா." பிறகு என் எண்ணை அடித்துவிட்டு 18.5 என்று எழுதினார். 18.4-ம் சரி, 18.7-ம் சரி. யாருமே அளக்காத ஓர் எண் எல்லாரையும் தேற்றிவிட்டது. எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

சாயங்காலம் சத்திரம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். அழுது முகம் வீங்கியிருந்தது.

"பாஸாயிடுவே, கவலைப்படாதே" என்றேன்.

"நிஜமாவாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாருக்கும் பதினெட்டு நாலாம். நான்தான் தப்பாப் பாத்திருக்கேன். குனிஞ்சு குனிஞ்சு பாத்தும் தப்பு வருதுக்கா, எனக்குக் கண்ணே சரியில்ல போல. அடுத்த வருஷம் தங்கச்சி இங்கதான் சேரப் போறா. அவகிட்ட சொல்லிடறேன், சும்மா கஷ்டப்படாத, முதல்லயே அக்காகிட்ட நம்பரக் கேட்டுக்கோன்னு."

நீ ஒருத்திதான் சரியாக அளந்தாய் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட முட்டி வலி அதிகமாக இருந்தது. அதற்குள் முசிறி பஸ் வந்து நின்றது.

"சரிம்மா, பாத்துப் போ" என்றேன்.

ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது அவளுக்கு. சிரித்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.