அமெரிக்கனாக நடித்த குளிர்காலம்

நான் ஆறடி ஐந்தங்குலம். யாழ்ப்பாணத்தில் இந்த உயரத்தால் எனக்குக் கிடைத்தவை பட்டப்பெயர்கள் மட்டுமே. எழுபதுகளில் மெல்பேர்ணுக்கு வந்தபின் அதே உயரத்தால் ஒரு கூடைப்பந்துக் கழகம் கிடைத்தது. அதைவிடப் பட்டப்பெயர்களே திறம் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் படவரைஞனாக இருந்த அலுவலகத்தில் ஒருவன் அந்தக் கழகத்துக்காக ஆடிக்கொண்டிருந்தான். ஒருநாள் வேலை முடிந்ததும் என்னைத் தகரக் கூரை போட்ட அவர்களுடைய மைதானத்துக்குக் கூட்டிப்போனான். கோச் என்னைச் சுற்றி வந்து பார்த்தான். சந்தையில் மாட்டுக்குக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்; அவன் உயரத்தை மட்டும் பார்த்தான்.

“ஆடத் தெரியுமா?”

“பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் கைப்பந்து.”

“நிற்கத் தெரியும்தானே? அது போதும்.”

அந்தக் காலத்துக் கூடைப்பந்தில் எல்லாம் சென்டர்தான். வளையத்துக்குக் கீழே ஒரு மலையை நிறுத்திவிட்டு மற்ற நாலு பேரும் அதனிடம் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். எங்களுடைய எதிரிக் கழகத்திடம் அப்படி ஒரு மலை இருந்தது. அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடியவன். முழங்கால்கள் தேய்ந்ததும் அங்கே அவனைக் கழித்துவிட, இங்கே கூலி கொடுத்துக் கூப்பிட்டிருந்தார்கள். தேய்ந்த முழங்காலோடும் அவனை அசைக்க இந்த ஊரில் ஆளில்லை.

என் வேலை பயிற்சியில் அவனாக நடிப்பது. சனிக்கிழமைகளில் அவன் ஆடும் இடத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னான் கோச். பார்த்தேன். கட்டின பெண்சாதியைக்கூட நான் அப்படிக் கவனித்ததில்லை. முதலில் முதுகால் எதிராளியைத் தடவி, அவன் எங்கே நிற்கிறான் என்று அறிவான். வாயால் ஒரு மூச்சு விடுவான். இடது தோளை இறக்கி ஏமாற்றி வலப்பக்கம் திரும்பி, தலைக்கு மேலாகக் கையை வளைத்துப் பந்தை விடுவான். வீட்டுக் குசினியில் நின்று அதை நான் பழகுவேன்.

“இஞ்சருங்கோ, ஆருக்கு உந்த முதுகைக் காட்டுறியள்?” என்று மனைவி கரண்டியோடு நின்று சிரிப்பாள்.

பயிற்சியில் சிரிப்பு இல்லை. அந்த அமெரிக்கனிடம் வாங்கிய அடிக்கெல்லாம் என்னிடம்தான் கணக்குத் தீர்த்தார்கள். விலாவில் முழங்கை, தொடையில் முழங்கால், விழுந்தால் மேலே ஒரு மிதி. அவனை அடிக்கப் பயம். என்னை அடிக்க என்ன பயம்? அடித்துவிட்டு, “அவனுக்கு இப்படித்தான் கொடுக்க வேண்டும்” என்பார்கள்.

ஏன் பொறுத்துக்கொண்டாய் என்று கேட்பீர்கள். ஆசை ஐயா, ஆசை. ஒருதரமாவது ஆட்டக்காரனாக இறங்க வேண்டும். உனக்கும் ஒருநாள் வரும் என்று கோச் சொல்லியிருந்தான். அந்தச் சொல்லை நம்பி ஒரு குளிர்காலம் முழுவதும் அடி வாங்கினேன்.

இறுதி ஆட்டத்துக்கு எனக்கும் ஒரு ஜேர்சி தந்தார்கள். மனைவி அதை இஸ்திரி போட்டாள். அப்போது மெல்பேர்ணில் இருந்த எங்கட ஆட்களை விரல்விட்டு எண்ணலாம். அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். ரோல்ஸும் கட்லட்டும் கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணர், என் முதுகில் தட்டினார். “தம்பி, எங்கட மானத்தைக் காப்பாத்திப் போடும்.”

ஆட்டத்தில் அமெரிக்கன் எங்களைப் பிழிந்தெடுத்தான். ஆனால் நாலு ஃபவுல் வாங்கியிருந்தான். ஐந்தாவது வாங்கினால் வெளியே போக வேண்டும். முடிவு நெருங்கும்போது மாற்று ஆட்கள் குந்தியிருக்கும் வாங்கின் கடைசியில் இருந்த என் பக்கம் கோச் திரும்பினான். “எழும்பு. அவனுக்கு முன்னால் போய் நில். என்ன நடந்தாலும் அசையாதே.”

“அவன் இடது தோளை இறக்குவான். அது ஏமாற்று. நான் வலப்பக்கம் மறித்தால்...”

“உன்னிடம் யோசனை கேட்டேனா? நில்.”

போய் நின்றேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, சந்தோஷத்தில். அவனிடம் பந்து வந்தது. முதுகு என்னைத் தடவியது. மூச்சு விட்டான். தோள் இறங்கியது. எல்லாம் எனக்கு மனப்பாடம். திரும்பிய வேகத்தில் அவனுடைய முழு உடம்பும் என் மேல் வந்து இறங்கியது. என் தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

விசில். அசையாமல் நிற்பவனை இடித்தால் இடித்தவனுக்கே ஃபவுல். அது ஐந்தாவது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: அவர்கள் ஆட்டக்காரனை இறக்கவில்லை, கடாவை வெட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். என் பக்கம் ஒருவரும் வரவில்லை. “இழுத்து வெளியே போடுங்கள், ஆட்டம் நிற்குது” என்று கோச் கத்தினான். “ஐயோ, ஆளைச் சாக்காட்டிப் போட்டாங்களே!” என்று மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். சனம் அவளைப் பார்த்துச் சிரித்தது. முறிவைவிட அந்தச் சிரிப்புத்தான் இன்றுவரை வலிக்கிறது. நாசமாய்ப் போவார்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணர் வந்தார். “வெண்டிட்டாங்களாம். நீர் பந்தைத் தொட்டனீரோ?”

“இல்லை அண்ணை.”

“பிறகென்ன விளையாட்டு?” என்று சொல்லிவிட்டு, எனக்குக் கொண்டுவந்த தோடம்பழத்தைத் தானே உரித்தார். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை.

அடுத்த பருவம் தொடங்கியதும் கோணிப்போன தோளோடு திரும்பப் போனேன். மனைவி வேண்டாம் என்றாள். என்னால்தானே வென்றார்கள், ஒரு மரியாதை இருக்கும் என்று நினைத்தேன். வளையத்துக்குக் கீழே அந்த அமெரிக்கன் நின்றான், எங்கள் ஜேர்சியோடு. கழகம் அதிகச் சம்பளம் கொடுத்து அவனை எடுத்துவிட்டது. நிஜ ஆள் வந்தபிறகு நடிக்கிறவன் எதற்கு?

“போன குளிர்காலம் முழுவதும் இவன்தான் நீ” என்று கோச் என்னைக் காட்டிச் சிரித்தான்.

அமெரிக்கன் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். நல்ல மனிதன்தான், கையை நீட்டினான். முறிந்த பக்கத்துக் கையைத்தான் நானும் கொடுத்தேன்.

“சந்தித்ததில் சந்தோஷம். நல்ல உயரம் உனக்கு. எப்போதாவது ஆடியிருக்கிறாயா?”

கோச் தன் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். வாய்வரை வந்த தூஷணத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, “இல்லை” என்றேன்.