கொதிக்க வைக்கச் சொன்ன தண்ணீர்

அச்சுவேலிச் சந்தையடியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்கள்: "உங்கடை தங்கம்மாக்கா விடிய மோசம் போயிட்டா." எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, குழப்பம். போன கிழமைகூட என்னோடு சண்டை பிடித்தவர்.

அவரைப் பால் சங்கத்தில் அறிந்தவர்களுக்கு அவருடைய புல்லுத் துண்டு தெரியும். யூரியா போட்டு வளர்த்த கினிப்புல், நடுவில் கிணறு, கிணற்றடியில் ஐந்து மாடு. தண்ணீர் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்த புதிதில் போத்திலோடு அந்தக் கிணற்றில் மாதிரி எடுக்கப் போனேன்.

"வாரும், போத்தில்காரத் தம்பி. புல்லு இவ்வளவு பச்சையா நிக்குது, தண்ணி மட்டும் பழுதாமோ?"

கைக்குழந்தையான பேத்திக்குப் புட்டிப்பால் கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான் என்றார். எல்லா வீட்டிலும் சொல்வதையே சொன்னேன்: "நல்லாக் கொதிக்க வைச்சுக் குடுங்கோ."

பரிசோதனை முடிவு வந்தது. கிருமியில்லை, நைத்திரேற்று; கைக்குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயு ஏறவிடாத உப்பு. யூரியாவும் மாட்டு மூத்திரமும் எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் நேரே கிணற்றுக்கு இறங்கியிருந்தன. கொதித்தால் தண்ணீர் வற்றும், நைத்திரேற்று வற்றாது. ஓடினேன். பானையில் தண்ணீர் பாதியாக வற்றியிருந்தது. குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"அக்கா, நான் சொன்னது பிழை."

பானையை இறக்கிக் கவிழ்த்தார். "தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லுமன் தம்பி. வாய் நோகுமோ?" அவ்வளவுதான். ஆசுபத்திரியில் குழந்தை பிழைத்தது.

அதன்பின் பேத்திக்கு மட்டும், நான் பரிசோதித்துச் சரியென்ற அடுத்த ஒழுங்கைக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார். தான் குடித்தது பழைய கிணற்றில். "எனக்கு இனி என்ன நீலம் பாரிக்கக் கிடக்கு?" மாடுகளையும் இடம் மாற்றவில்லை. என் பிழையை ஊரில் ஒருவருக்கும் சொல்லவுமில்லை. ஏன் என்று கேட்டேன்.

"வேலையில்லையோ உமக்கு? உந்தப் புல்லுக் கட்டைத் தூக்கிவிடும்."

இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடைசெய்து யூரியா நின்ற பிறகும் அந்தக் கிணற்றில் நைத்திரேற்று குறையவில்லை. ஏன் என்று போன கிழமை கேட்டார். எனக்குத் தெரியாது, ஆனாலும் நீளமாக விளக்கம் கொடுத்தேன். "பிறகும் அதே கதை" என்று ஏசினார். அதுதான் சண்டை.

செத்தவீட்டில் அவரைக் குளிப்பாட்ட அந்தக் கிணற்றிலேயே அள்ளினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணை, எங்கடை கிணத்துத் தண்ணி கொதிக்க வைச்சாக் காணும்தானே?"

"தெரியாது. பாத்துத்தான் சொல்லுவன். அதுவரைக்கும் பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ."

தங்கம்மாக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல். வாய் நோகத்தான் செய்கிறது.